உலகப் புவியியல் அறிஞரின் ஒன்றியம்: அடைத்த கதவும் திறந்த கதவும்

ஒரு நாட்டின் இலக்கியத்தை அந்நாட்டு அறிஞர்களே தனித்திருந்து ஆராய்ந்து பெரும்பயன் காணலாம். சட்டத்தையும் ஆட்சிமுறையையும்கூட ஓரளவிற்கு அவ்வாறு ஆராய இயலும். புவியியலுக்கு அந்த வசதி வாய்க்கவில்லை. மேக்கோங் ஆறு திபெத்தியப் பீடபூமியில் பிறந்து ஆறு நாடுகளைத் தொட்டு ஓடிக் கடலில் கலக்கிறது. கிளந்தானில் பெருமழையாய்ப் பொழியும் வடகிழக்குப் பருவக்காற்று தென்சீனக் கடலைக் கடந்து வருகிறது. மலாயாத் தோட்டங்களின் ரப்பர் மரம் பிரேசில் நாட்டு அமேசான் காட்டிலிருந்து இலண்டனுக்குப் போய், அங்கிருந்து 1877இல் சிங்கப்பூர் வந்து சேர்ந்த கன்றுகளின் வழித்தோன்றல். இவற்றை முழுமையாக அறிய விரும்புவோர் தம் நாட்டு எல்லைக்குள் நின்றுகொண்டு அறிந்துவிட முடியாது. அயல்நாட்டு அறிஞரின் அளவையும் படமும் பதிவும் அவர்க்கு வேண்டும்.

இத்தேவையிலிருந்து தோன்றியதே அனைத்துலகப் புவியியல் ஒன்றியம். 1922ஆம் ஆண்டில் பிறந்த அவ்வமைப்பு 2022இல் தன் நூற்றாண்டைக் கண்டது. அதன் வரலாற்றில் மாநாடுகள் பல உண்டு. தீர்மானங்கள் எண்ணற்றவை உண்டு. ஆயினும் அவ்வரலாறு முழுவதிலும் ஊடுருவி நிற்பது ஒரே வினாவாகும். அறிவுக்காகக் கூடும் அவைக்குள் யாரை அழைப்பது, யாரைப் புறத்தே நிறுத்துவது என்பதே அவ்வினா. அதற்கு ஒன்றியம் ஒரு காலத்தில் தவறான விடை கண்டது. பின்னர் மெல்ல மெல்லத் திருத்திக்கொண்டது. கல்விச் சங்கங்களை நடத்துவோர்க்கு இவ்வரலாறு நல்லதொரு பாடமாகும்.

சிலைத் திறப்பில் தொடங்கிய கூட்டம்

பதினாறாம் நூற்றாண்டில், இன்று பெல்ஜியம் எனப்படும் நிலப்பகுதியில், நிலப்படக் கலையின் இரு பெருமக்கள் தோன்றினர். ஒருவர் மெர்க்காட்டர், கடலோடிகளுக்குப் பேருதவியான உலகப் படத்தை 1569இல் வெளியிட்டவர். மற்றொருவர் ஓர்ட்டேலியஸ், படங்களை ஒரே அளவில் தொகுத்து 1570இல் நூலாக வெளியிட்டவர். இவ்விருவர்க்கும் சிலையெடுக்கும் முயற்சி பெல்ஜியத்தில் நடந்தபோது, அவ்விழாவையொட்டிப் பல நாட்டுப் புவியியல் அறிஞரையும் ஓரிடத்தில் கூட்டலாம் என்னும் எண்ணம் சார்ல்ஸ் ருவெலான் என்னும் நூலக அறிஞர்க்கு உதித்தது.

கூட்டம் 1870இல் நடைபெறுவதாக இருந்தது. அவ்வாண்டில் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. ஆகவே ஓராண்டு தள்ளி, 1871 ஆகஸ்டு மாதம் ஆண்ட்வெர்ப் நகரில் முதல் அனைத்துலகப் புவியியல் மாநாடு கூடியது. பிறக்கும்போதே போர் குறுக்கிட்ட இம்முயற்சிக்குப் பிற்காலத்திலும் போரே பெருந்தடையாய் நின்றது.

அதன்பின் மாநாடுகள் தொடர்ந்தன. பாரிசில் 1875இலும், வெனிசு நகரில் 1881இலும், மீண்டும் பாரிசில் 1889இலும், சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் 1891இலும், இலண்டனில் 1895இலும், பெர்லினில் 1899இலும் அறிஞர்கள் கூடினர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாஷிங்டன், ஜெனிவா, ரோம் ஆகிய நகரங்கள் முறையே 1904, 1908, 1913 ஆகிய ஆண்டுகளில் மாநாட்டை வரவேற்றன. இவற்றுள் இலண்டன் மாநாடு குறிப்பிடத்தக்கது. மனிதன் இன்னும் ஆராயாது விட்ட நிலப்பகுதிகளுள் அண்டார்க்டிக்காவே மிகப் பெரியது. நூற்றாண்டு முடிவதற்குள் அதனை ஆராய வேண்டும் என்று அம்மாநாடு தீர்மானித்தது. அதையடுத்த ஆண்டுகளில் பெல்ஜியம், பிரிட்டன், ஜெர்மனி, சுவீடன் ஆகிய நாடுகளின் கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தென்துருவக் கடலை நோக்கிச் சென்றன. அறிஞர் அவையின் ஒரு தீர்மானம் கப்பல்களையே புறப்படச் செய்யும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

ஒரு படம் கற்பித்த பாடம்

தீர்மானத்தின் ஆற்றலை இலண்டன் காட்டியதென்றால், அதன் எல்லையைப் பெர்ன் காட்டியது. வியன்னாப் பல்கலைக்கழகப் பேராசிரியராயிருந்த ஆல்பிரெக்ட் பெங்க் என்பார் 1891ஆம் ஆண்டுப் பெர்ன் மாநாட்டில் ஒரு கருத்தை முன்வைத்தார். உலக நாடுகள் அனைத்தும் ஒரே அளவிலும் ஒரே குறியீட்டு முறையிலும் தத்தம் நிலத்தைப் படம் வரைந்து தந்தால், அவற்றை ஒட்டி உலகம் முழுவதற்கும் ஒரே படம் உருவாக்கலாம் என்பது அவர் கருத்து. அளவு பத்து இலட்சத்தில் ஒன்று. அதாவது படத்தில் ஒரு மில்லிமீட்டர் நிலத்தில் ஒரு கிலோமீட்டர். ஒவ்வொரு தாளும் அகலாங்கில் நான்கு பாகையும் நெட்டாங்கில் ஆறு பாகையும் கொண்டதாகப் பின்னர் வகுக்கப்பட்டது.

கேட்பதற்கு எளிது, செய்வதற்கோ அரிது. நெட்டாங்குகளை எங்கிருந்து எண்ணுவது? பிரிட்டன் கிரீனிச்சு என்றது; பிரான்சு பாரிசு என்றது. நீளத்தை எதனால் அளப்பது? பிரான்சு மீட்டர் என்றது. பிரிட்டன் மைல் என்றது. இவ்வழக்கு ஆண்டுக்கணக்கில் நீடித்தது. 1909இல் இலண்டனில் கூடிய அரசுகளின் மாநாட்டில் ஒருவாறு உடன்பாடு ஏற்பட்டது. கிரீனிச்சும் நிலைத்தது, மீட்டரும் நிலைத்தது. இரு தரப்பினரும் ஒன்றை விட்டுக்கொடுத்து ஒன்றைப் பெற்றனர். 1913இல் பாரிசில் மேலும் ஒரு மாநாடு கூடி விதிகளைச் செம்மைப்படுத்தியது. பணிக்குரிய நடுவகம் இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் நகரில் அமைந்தது.

மறு ஆண்டே முதல் உலகப்போர் மூண்டது. பின்னர்ப் பணி தொடர்ந்ததெனினும் அதன் நடை தளர்ந்தது. அமெரிக்கப் புவியியல் கழகம் மட்டும் 1920 முதல் 1945 வரை இருபத்தைந்து ஆண்டுகள் அயராது உழைத்து, மெக்சிகோ முதல் தென்னமெரிக்காவின் தென்கோடி வரையுள்ள நிலத்தை 107 தாள்களில் வரைந்து முடித்தது. இரண்டாம் உலகப்போரில் சவுதாம்ப்டன் நில அளவையகம் குண்டுவீச்சுக்கு இலக்காயிற்று. 1953இல் ஐக்கிய நாடுகள் அமைப்பு இப்பொறுப்பை ஏற்றது. எனினும் விமானப் படங்களும் செயற்கைக்கோள்களும் வந்த காலத்தில் அத்திட்டத்தின்மேல் அரசுகளுக்கு இருந்த நாட்டம் குறைந்து, 1980களில் அது முடிவுறாமலே கைவிடப்பட்டது.

தோல்வியாய் முடிந்ததாகத் தோன்றும் இத்திட்டம் ஓர் உண்மையை உணர்த்தியது. நான்காண்டுக்கோ ஐந்தாண்டுக்கோ ஒரு முறை கூடிக் கலையும் மாநாடு விதை தூவலாம். நீர் பாய்ச்சவும் களை எடுக்கவும் இயலாது. கூட்டம் முடிந்ததும் தீர்மானங்களைக் கையில் எடுத்துக்கொண்டு அடுத்த நாள் காலையில் பணியைத் தொடங்க ஒருவர் வேண்டும். அவர்க்கு ஓர் அலுவலகமும், சிறிதளவு நிதியும், நாடுதோறும் மறுமொழி எழுத ஒரு குழுவும் வேண்டும். ஆண்ட்வெர்ப் முதல் ரோம் வரை நடந்த பத்து மாநாடுகளுக்கும் இவ்வகை நிலையான அமைப்பு இருந்ததில்லை.

ஒன்றியத்தின் பிறப்பும் அடைத்த கதவும்

அக்குறையைத் தீர்க்கவே 1922இல் பிரஸ்ஸல்ஸ் நகரில் ஒன்றியம் நிறுவப்பட்டது. பெல்ஜியம், பிரான்சு, பிரிட்டன், இத்தாலி, ஸ்பெயின், போர்ச்சுக்கல், ஜப்பான் ஆகிய ஏழு நாடுகள் அதன் தொடக்க உறுப்பினர்களாயின. பாரிசுப் புவியியல் கழகத்தை வழிநடத்திய இளவரசர் ரோலான் பொனப்பார்ட் முதல் தலைவரானார். அவர்க்குப்பின் இத்தாலியப் படைத்தளபதி வக்கெல்லியும், பிரெஞ்சுப் படைத்தளபதி பூர்ழுவாவும் தலைமை ஏற்றனர். தலைமை இளவரசரிடமும் தளபதிகளிடமும் இருந்ததில் வியப்பில்லை. நிலப்படம் அந்நாளில் பெரிதும் படைத்துறையின் கையில் இருந்தது.

ஆனால் ஒன்றியம் பிறந்த வீட்டிலேயே ஒரு கதவு அடைத்துக் கிடந்தது. முதல் உலகப்போருக்குப்பின், 1919இல், வென்ற நாடுகளின் அறிவியல் அறிஞர்கள் கூடி அனைத்துலக ஆராய்ச்சி மன்றம் ஒன்றை அமைத்தனர். ஜெர்மனி, ஆஸ்திரியா முதலிய தோற்ற நாடுகளுக்கு அதில் இடமில்லை என்பது விதி. புவியியல் ஒன்றியம் அம்மன்றத்தின் குடைக்கீழ்த் தோன்றியதால் அவ்விதி இதற்கும் பொருந்திற்று. 1925இல் எகிப்திய மன்னர் புவாத் ஆதரவில், எகிப்தியப் புவியியல் கழகத்தின் ஐம்பதாம் ஆண்டையொட்டிக் கெய்ரோவில் மாநாடு நடந்தபோது ஜெர்மானிய அறிஞர்கள் அங்கில்லை.

இதன் பொருளை எண்ணிப் பார்த்தல் தகும். நவீனப் புவியியலுக்கு அடிகோலியவர்களென்று உலகம் போற்றும் ஹம்போல்ட்டும் ரிட்டரும் ஜெர்மானியர். பத்து இலட்சப் படத்தை எண்ணிய பெங்கும் ஜெர்மானியர். அத்தகைய மரபினரை விலக்கிவிட்டு உலகப் புவியியலைப் பேச முற்பட்டது, ஒரு கண்டத்தை வரையாமல் விட்டு உலகப் படம் இதுவென்று சுவரில் மாட்டுவதற்கு ஒப்பாகும். போரின் புண் ஆழமானது. பெல்ஜியமும் பிரான்சும் பட்ட துயரம் பொய்யன்று. ஜெர்மானிய அறிஞர் பலர் போர்க்காலத்தில் தம் அரசின் செயல்களை ஏற்று அறிக்கை விடுத்ததும் மெய்யே. ஆயினும் தண்டனை அரசுக்கா அறிவுக்கா என்னும் வேறுபாடு அன்று காணப்படவில்லை.

1926இல் ஆராய்ச்சி மன்றம் அத்தடையை நீக்கியது. அதற்காக ஜெர்மனி உடனே உள்ளே வந்துவிடவில்லை. அவமதித்து வெளியே நிறுத்தியவர் அழைத்தவுடன் படியேறி வருதல் மனித இயல்பன்று. ஜெர்மனியின் அறிவியல் கழகங்கள் அம்மன்றத்தில் சேராமலே இருந்தன. 1931இல் அம்மன்றம் அறிவியல் ஒன்றியங்களின் அனைத்துலக மன்றமாகத் திருத்தியமைக்கப்பட்டது. கதவை அடைக்க ஒரு நாள் போதும். திறந்த பின்னும் நம்பிக்கை திரும்பப் பல ஆண்டுகள் ஆகும் என்பதை ஒன்றியம் கற்றுக்கொண்டது.

திறந்த கதவும் எல்லாவற்றையும் தீர்த்துவிடுவதில்லை. 1938இல் ஆம்ஸ்டர்டாம் நகரில் மாநாடு கூடியபோது ஜெர்மானியரான வால்ட்டர் கிறிஸ்டாலர் அங்கே கட்டுரை படித்தார். ஊர்களும் நகரங்களும் எவ்வித ஒழுங்கில் அமைகின்றன என்பதை அவர் 1933இல் வெளியிட்ட நூல் ஆராய்ந்தது. அக்கருத்து இன்று பள்ளிப் பாடநூல்களிலும் இடம்பெற்றுள்ளது. ஆனால் அவரே இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், நாசி அரசு கைப்பற்றிய போலந்துப் பகுதிகளின் குடியேற்றத் திட்டப்பணியில் ஈடுபட்டார். போருக்குப்பின், 1960இல் சுவீடனின் லுண்டு நகரில் ஒன்றியத்தின் சார்பில் நடந்த நகரப் புவியியல் கருத்தரங்கில் அவர் மீண்டும் காணப்பட்டார். அங்கு இளம் ஆய்வாளர்கள் அவர் கருத்துகளை ஆர்வத்தோடு விவாதித்தனர். அறிவின் தகுதியும் அறிஞனின் நடத்தையும் எப்போதும் ஒரே தட்டில் நிற்பதில்லை. அவை திறந்திருந்தால்தான் இரண்டையும் வெளிச்சத்தில் வைத்துப் பேச முடியும்.

தலைநகரில்லாத செயலகம்

ஒன்றியம் நடைபெறும் முறையைச் சிறிது காண்போர்க்கு வியப்புத் தோன்றும். அதற்குத் தனிமனிதர் உறுப்பினராவதில்லை, நாடுகளே உறுப்பு. ஒவ்வொரு நாட்டிலும் அறிவியல் கழகமோ புவியியல் சங்கமோ ஒரு தேசியக் குழுவை அமைத்து ஒன்றியத்தோடு தொடர்பு கொள்ளும். நாடுகள் தத்தம் வகைக்கேற்ப ஆண்டுச் சந்தா செலுத்தும். நான்காண்டுக்கு ஒரு முறை மாநாட்டின்போது பொதுப்பேரவை கூடித் தலைவரையும் துணைத்தலைவர்களையும் தேர்ந்தெடுக்கும். இடைப்பட்ட காலத்தில் செயற்குழு பணிகளை நடத்தும். ஆங்கிலமும் பிரெஞ்சும் அதன் ஆட்சிமொழிகள்.

ஆய்வுப்பணியின் உயிர்நாடி ஆய்வுக்குழுக்களே. மக்கள்தொகை, வேளாண்மை, தட்பவெப்பம், நகரம், புவியியல் கல்வி முதலான துறைகளுக்கெனத் தனித்தனிக் குழுக்கள் உண்டு. அவற்றின் எண்ணிக்கை நாற்பதை ஒட்டி நிற்கிறது. ஒரு குழு அமைந்தால் அது நிலையாக இருந்துவிடுவதில்லை. அதன் காலம் நான்காண்டு. செய்த பணியைக் காட்டிப் பேரவையின் இசைவு பெற்றால்தான் நீடிக்கும். பெயரளவில் வாழும் குழுக்கள் பெருகாமல் காக்கும் நல்விதி இது. எத்துணையோ சங்கங்களில் துணைக்குழுக்கள் அறிக்கையில் மட்டும் வாழ்வதைக் கண்டோர்க்கு இவ்விதியின் அருமை விளங்கும்.

ஒன்றியத்திற்கு மாளிகை கிடையாது. பொதுச்செயலாளர் எந்தப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரோ, அங்கேதான் செயலகம். ஹான்ஸ் போயெஷ் பொறுப்பில் இருந்த 1956 முதல் 1968 வரை அது சூரிக் நகரில் இருந்தது. சான்சி ஹாரிஸ் காலத்தில் சிக்காகோவுக்கும், வால்ட்டர் மன்ஷார்ட் காலத்தில் ஜெர்மனியின் பிரைபர்க் நகருக்கும், லெஷெக் கொசின்ஸ்கி காலத்தில் கனடாவின் எட்மண்டனுக்கும், எக்கார்ட் ஏலர்ஸ் காலத்தில் பொன் நகருக்கும் சென்றது. பின்னர் மைக்கேல் மெடோஸ் பொறுப்பேற்றபோது தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகரை அடைந்தது. பழைய ஆவணங்களைக் காக்கவும் ஆய்வாளர்க்கு உதவவும் ரோம் நகரில், இத்தாலியப் புவியியல் கழகத்தின் மாளிகையில், 2000ஆம் ஆண்டில் ‘புவியியல் இல்லம்’ ஒன்று திறக்கப்பட்டது.

இப்பணியாளர்கள் தம் வகுப்புகளையும் ஆய்வுகளையும் நடத்திக்கொண்டே ஒன்றியத்தின் கடிதங்களுக்கும் விடை எழுதினர். 1950இல் தொடங்கிய ஒன்றியத்தின் செய்தியிதழ் நாடுகளை இணைக்கும் நூலாய் நின்றது. மேடையில் தோன்றுவோர் தலைவர். தேரின் வடத்தைத் தோளில் தாங்கி இழுப்போர் செயலாளர். சான்சி ஹாரிஸ் இதற்குச் சிறந்த சான்று. அமெரிக்கரான அவர் இரஷ்ய மொழி கற்று, சோவியத்து நாட்டு நகரங்களைப் பற்றி 1970இல் நூல் வெளியிட்டவர். வல்லரசுகள் இரண்டும் ஒன்றையொன்று ஐயத்தோடு நோக்கிய காலத்தில், 1976இல் மாஸ்கோ நகரில் ஒன்றியத்தின் மாநாடு நடந்தபோது பொதுச்செயலாளர் பொறுப்பிலிருந்தவர் அவரே. எதிரணி நாட்டின் மொழியைக் கற்ற ஒருவர் அந்த இடத்தில் இருந்தது ஒன்றியத்தின் நற்பேறு.

போருக்குப் பின் புதுப்பாதை

1942இல் லிஸ்பன் நகரில் கூடவேண்டிய மாநாடு போரினால் நின்று, 1949இல்தான் அந்நகரில் கூடியது. பதினோராண்டு இடைவெளிக்குப்பின் சந்தித்தோர்க்கு உலகின் பசியே முதற்கவலையாய் இருந்தது. எந்த நிலத்தில் என்ன விளைகிறது, எது தரிசாய்க் கிடக்கிறது என்று உலகம் முழுவதையும் ஒரே முறையில் பதிவு செய்யவேண்டும் என்னும் திட்டம் அங்கே எழுந்தது. உலக நிலப்பயன் அளவை எனப்பட்ட அதன் பொறுப்பு இலண்டன் பேராசிரியர் டட்லி ஸ்டாம்பிடம் வந்தது.

ஸ்டாம்ப் 1923 முதல் 1926 வரை இரங்கூன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராயிருந்து கீழ்த்திசையை அறிந்தவர். 1930களில் பிரிட்டனின் நிலம் முழுவதையும் வயல் வயலாகப் பதிவு செய்ய எண்ணினார். அதற்குரிய பெரும்பணம் அவரிடமில்லை; ஆனால் நாடெங்கும் பள்ளிகள் இருந்தன. ஆசிரியர்களும் பல்லாயிரம் மாணவர்களும் படத்தாள்களை ஏந்தித் தத்தம் ஊர்ப்புறங்களில் நடந்து, இது புல்வெளி, இது உழுநிலம், இது காடு என்று குறித்துத் தந்தனர். போர் வந்து உணவு இறக்குமதி தடைப்பட்டபோது, எந்நிலத்தை உழுவது என்று திட்டமிட அப்படங்கள் அரசுக்கு உதவின. பள்ளிச் சிறுவரின் கைவண்ணம் ஒரு நாட்டின் உணவுக் கணக்கில் இடம்பெற்றது. இவ்வனுபவத்தையே ஸ்டாம்ப் உலக அளவிற்கு விரிக்க முயன்றார். ஒன்பது பெரும் பிரிவுகள் கொண்ட பொதுமுறை வகுக்கப்பட்டது. ஹாங்காங், சைப்பிரஸ் முதலிய இடங்களின் நிலப்பயன் அம்முறையில் ஆராயப்பட்டது. உலகம் முழுவதும் முடிவுறவில்லை எனினும், நிலத்தை ஒரே கண்ணால் நோக்கும் பழக்கம் பரவிற்று. ஸ்டாம்ப் 1952 முதல் 1956 வரை ஒன்றியத்தின் தலைவராகவும் விளங்கினார்.

முதற்போருக்குப்பின் செய்த பிழையை ஒன்றியம் இரண்டாம் போருக்குப்பின் அவ்வாறே செய்யவில்லை. மேற்கு ஜெர்மனி 1950களில் மீண்டும் இடம்பெற்றது. 1956இல் ரியோ டி ஜெனிரோவில் மாநாடு நடந்தபோது சோவியத்து ஒன்றியம் சேர்ந்தது. 1960இல் ஜெர்மானியரான கார்ல் டிரோல் ஒன்றியத்தின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கெய்ரோ மாநாட்டில் ஒரு நாற்காலிகூடப் பெறாத நாட்டவர்க்கு முப்பத்தைந்து ஆண்டுகளில் தலைமை நாற்காலியே கிடைத்தது.

கிழக்கின் முறை

ஒரு குறை எஞ்சி நின்றது. உலகப் பேரவை என்று பெயர் பெற்றிருந்தும், ஆண்ட்வெர்ப் தொடங்கி ஏறத்தாழ நூறாண்டுகள் ஆசியாவில் ஒரு மாநாடுகூட நடந்ததில்லை. கடல்கடந்து ஐரோப்பாவுக்கோ அமெரிக்காவுக்கோ செல்லப் பொருளில்லாத ஆசிரியரும் ஆய்வாளரும் அவையைப் பற்றிப் படிக்கலாம். அவையில் அமர இயலாது. கதவு திறந்திருந்தும் வாசல் தொலைவில் இருந்தால் அதுவும் ஒருவகை அடைப்பே.

இதற்கு மாற்றாக, பெருமாநாடுகளுக்கிடையே வட்டார மாநாடுகளை நடத்தும் வழக்கம் ஏற்பட்டது. 1955இல் உகாண்டாவின் கம்பாலாவிலும், 1957இல் ஜப்பானிலும் அத்தகைய மாநாடுகள் கூடின. அவ்வரிசையில் 1962ஆம் ஆண்டில் கோலாலம்பூர் இடம்பெற்றது. மலாயா விடுதலை பெற்று ஐந்தாண்டு நிறைவதற்குள், கோலாலம்பூரிலிருந்த மலாயாப் பல்கலைக்கழகம் தனிப் பல்கலைக்கழகமாகிய அதே ஆண்டில், தென்கிழக்காசியப் புவியியல் அறிஞர்கள் அங்குக் கூடினர். இவ்வட்டாரத்தில் அதற்குரிய களம் முன்பே பண்பட்டிருந்தது. வெப்பமண்டல நிலங்களை ஆராயவென்றே சிங்கப்பூரிலிருந்து 1953 முதல் ஓர் ஆய்விதழ் வந்துகொண்டிருந்தது. வெப்பமண்டலத்தைப் பற்றி ஐரோப்பியர் சொல்லக் கேட்ட நிலை மாறி, அங்கு வாழ்வோரே அதனைப் பற்றிப் பேசும் காலம் தொடங்கிற்று.

1964இல் கல்கத்தாப் பேராசிரியர் சிவபிரசாத் சட்டர்ஜி ஒன்றியத்தின் தலைவரானார். ஆசியர் ஒருவர் அப்பதவியை ஏற்றது அதுவே முதன்முறை. இந்தியாவின் தேசிய நிலப்பட அமைப்பை 1956இல் உருவாக்கி நடத்தியவர் அவர். 1930களில் பாரிசில் அவர் அளித்த ஆய்வேட்டில், அசாமின் தென்புறத்து மழைமலைகளுக்கு ‘மேகாலயா’, அதாவது மேகங்களின் இல்லம், என்று பெயரிட்டார். பின்னாளில் 1972இல் முழு மாநிலமான அப்பகுதிக்கு அப்பெயரே நிலைத்தது. அவர் தலைமைக்காலத்தின் முடிவில், 1968இல், புது டில்லியில் ஒன்றியத்தின் 21ஆம் மாநாடு நடைபெற்றது. ஆசிய மண்ணில் நடந்த முதல் பெருமாநாடு அது.

ஒருமுறை வழி திறந்ததும் பிறர் வரத் தடையில்லை. 1980இல் தோக்கியோ மாநாட்டில் நைஜீரியரான அக்கின் மபோகுஞ்சே தலைவரானார். ஆப்பிரிக்கர்களுள் அவரே முதல்வர். 1984இல் பாரிசு மாநாட்டின்போது சீனப் புவியியல் கழகம் ஒன்றியத்தில் இடம்பெற்றது. சீனத்தையும் தைவானையும் பற்றிய வழக்கு பல அனைத்துலக அமைப்புகளை முடக்கிப் போட்ட காலத்தில், இரு பகுதி அறிஞரும் அமர்வதற்கு வழி காணப்பட்டது. பெய்ஜிங் 1990இல் வட்டார மாநாட்டையும் 2016இல் பெருமாநாட்டையும் நடத்தியது. 2000இல் சியோல் மாநாட்டில் அயர்லாந்துப் பேராசிரியை ஆன் பட்டிமர் தலைவரானார். ஒன்றியத்திற்குப் பெண் ஒருவர் தலைமை ஏற்க எழுபத்தெட்டு ஆண்டுகள் ஆயின. இதுவும் நெடுங்காலம் அடைத்திருந்த ஒரு கதவே.

வகுப்பறைக்கு வந்த பயன்

பேராசிரியர்களின் அமைப்பால் பள்ளிக்கு என்ன பயன் என்று வினவுவோர் உண்டு. 1952ஆம் ஆண்டு வாஷிங்டன் மாநாட்டிலேயே புவியியல் கற்பித்தலுக்கென ஓர் ஆய்வுக்குழு அமைந்தது. அக்குழுவின் உழைப்பால் யுனெஸ்கோ 1965இல் புவியியல் ஆசிரியர்க்கான கைந்நூலை வெளியிட்டது. 1992இல் மீண்டும் வாஷிங்டனில் கூடிய மாநாட்டின்போது, புவியியல் கல்விக்கான அனைத்துலகப் பட்டயம் வெளியிடப்பட்டது. ஒவ்வொரு பிள்ளையும் தன் ஊரையும் நாட்டையும் உலகையும் அறியும் உரிமை உடையது. அவ்வறிவு பிற இனத்தாரையும் பண்பாட்டையும் மதிக்கும் மனப்பான்மையை வளர்க்கவேண்டும் என்பதே அப்பட்டயத்தின் சாரம். 2016இல் அது காலத்திற்கேற்பத் திருத்தப்பட்டது.

1996இல் நெதர்லாந்தின் ஹேக் நகரில் ஐந்து நாட்டு மாணவர் அணிகளுடன் புவியியல் ஒலிம்பியாடு தொடங்கியது. எழுத்துத்தேர்வோடு நில்லாமல், மாணவரை வெளிக்களத்திற்கு அழைத்துச் சென்று, கண்டதைப் படமாக வரையவும் ஆராயவும் செய்யும் போட்டி அது. ஸ்டாம்பின் சிறுவர்கள் படத்தாளோடு வயலில் நடந்த பழைய மரபின் புதிய கிளையாகவே அதனைக் கொள்ளலாம். ஊர், பேர், தலைநகர், ஏற்றுமதி என்று மனப்பாடம் செய்விக்கும் முறை புவியியலாகாது என்பதை ஒன்றியத்தின் கல்விக்குழு அரைநூற்றாண்டுக்கு மேலாக வலியுறுத்தி வந்துள்ளது.

நூற்றாண்டின் படிப்பினை

2020இல் இஸ்தான்புல் நகரில் நடக்கவிருந்த மாநாட்டைக் கோவிட் பெருந்தொற்று தடுத்தது. ஓராண்டு தள்ளி 2021இல் அது இணையவழி நடந்தது. ஆண்ட்வெர்ப் கூட்டத்தை ஓராண்டு தள்ளவைத்தது போர். சரியாக நூற்றைம்பது ஆண்டுகளுக்குப்பின் மற்றொரு மாநாட்டை ஓராண்டு தள்ளவைத்தது நோய். 2022இல் பாரிசில் நூற்றாண்டு விழாவும், 2024இல் டப்ளினில் 35ஆம் மாநாடும் நடைபெற்றன.

இந்நெடிய வரலாற்றில் ஒன்றியம் எந்தப் போரையும் தடுத்து நிறுத்தவில்லை. எந்த எல்லைத் தகராற்றையும் தீர்த்துவைக்கவில்லை. அதன் பெருந்திட்டங்களுள் முடிவுறாது நின்றவை உண்டு. அதன் வெற்றி வேறு வகையானது. போர் முடிந்த பின்னும், ஆட்சிகள் மாறிய பின்னும், பகை நாட்டு அறிஞர்கள் மீண்டும் ஒரே மேசையைச் சுற்றி அமர ஓரிடம் இருந்தது. அவ்விடத்தைக் காத்தவர்கள் சந்தா கேட்டு எழுதியோரும், முகவரிப் பட்டியல் காத்தோரும், அறிக்கை அச்சிட்டோரும் ஆவர். அவர்தம் பெயர்களுள் பல வரலாற்று நூல்களில் இல்லை.

கல்விச் சங்கம் எதுவாயினும், ஊரளவிலாயினும் உலகளவிலாயினும், அதன் வலிமையை விழாவின் பந்தலில் அளக்கலாகாது. விழா முடிந்த மறுநாள் யார் பணி செய்கிறார் என்பது முதல் அளவுகோல். யாருடைய நாற்காலி வெறுமையாக இருக்கிறது, அஃது ஏன் என்பது இரண்டாவது அளவுகோல். 1925இல் கெய்ரோ அவையில் காலியாயிருந்த நாற்காலிகளைக் கண்டு அன்று வருந்தினோர் சிலரே. அவற்றை நிரப்புவதற்கே பல ஆண்டுகள் தேவைப்பட்டன. உலகப் படத்தில் எந்த நிலத்தையும் வெற்றிடமாக விடக்கூடாது என்பது புவியியலின் முதல் விதி. அவ்விதி படத்திற்கு மட்டுமின்றி அவைக்கும் உரியது என்பதே அவ்வொன்றியத்தின் வரலாறு ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் கூறும் செய்தியாகும்.